கியர் பழுதான பழைய கனரக வாகனங்கள்: கோளாறு அறிதலும் இழுத்துச் செல்லுதலும்

ஹைதராபாத் சமஸ்தானத்தில் 1932-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நிஜாம் அரசாங்க ரயில்வேயின் ஒரு கிளையாகச் சாலைப் போக்குவரத்து இலாகா தொடங்கப்பட்டது. அப்பொழுது அதனிடம் இருந்தவை 27 பஸ்கள். பணியாற்றியவர்கள் 166 பேர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1899-இல் தோன்றிய ஆல்பியன் கம்பெனியின் வண்டிகள் அந்நாளில் ஹைதராபாத் சாலைகளில் ஓடின. அந்த இலாகாவின் வழியில் வந்ததே 1958 ஜனவரி 11-இல் அமைந்த ஆந்திரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகமாகும். 1932-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆல்பியன் பஸ் ஒன்று புதுப்பிக்கப்பட்டு, ஹைதராபாத்தில் அப்போது கழகத்தின் தலைமையகமாக இருந்த பஸ் பவனில் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டது.

ஹைதராபாத் நகரம் தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், கருங்கற் பாறைகளின்மேல் அமைந்துள்ளது. நகரத்திற்குள்ளேயே மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். நகரிலிருந்து ஸ்ரீசைலம் செல்லும் சாலையோ நல்லமலைக் காடுகளின் வழியே சென்று, கிருஷ்ணா நதியின் பள்ளத்தாக்கில் வளைந்து இறங்கி மீண்டும் ஏறுகிறது. இத்தகைய சாலைகளில் கனரக வாகனத்தின் உறுப்புகளுள் மிகுதியாக உழைப்பது கியர்ப் பெட்டியே. அது பழுதாகும் இடமும் பெரும்பாலும் பட்டறைக்குத் தொலைவான மேட்டுச் சாலையாகவே இருக்கும்.

பழைய லாரிகள், தண்ணீர் வண்டிகள், துளையிடும் இயந்திரம் பூட்டிய வண்டிகள், பள்ளிகளின் பழைய பஸ்கள் முதலியன இன்றும் பல மாவட்டங்களில் காணப்படுகின்றன. இவற்றுள் ஒன்று கியர்க் கோளாறால் சாலையில் நின்றுவிட்டால், மற்றொரு லாரியைப் பிடித்து, கயிறு கட்டி, ‘நியூட்ரலில்’ போட்டு இழுத்துக்கொண்டு வருவது பரவலான வழக்கம். ஒரு பேரிங் மட்டும் தேய்ந்து நின்ற வாகனம், பட்டறை வந்து சேரும்பொழுது கியர்ப் பெட்டி முழுவதும் பயனற்றதாகி விடுவதுண்டு. அதனினும் கொடியது, இழுக்கும் வழியில் உயிருக்கு நேரும் அபாயம். இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டுமானால், கியர்ப் பெட்டியின் உள்ளே நடப்பது என்ன என்பதைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

எஞ்சினின் சக்தி சக்கரத்தை அடையும் வழி

எஞ்சின் உண்டாக்கும் சக்தி முதலில் கிளட்சை அடைகிறது. கிளட்ச் என்பது எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் வேண்டியபோது சேர்த்தும், வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பு. கிளட்சிலிருந்து வரும் தண்டு கியர்ப் பெட்டிக்குள் நுழைந்து, அங்கே கீழே கிடக்கும் ‘லே ஷாப்ட்’ எனப்படும் துணைத் தண்டைச் சுழற்றுகிறது. துணைத் தண்டிலுள்ள பற்சக்கரங்கள், மேலேயுள்ள பிரதான தண்டின் பற்சக்கரங்களோடு பொருந்தி, அதனை வேண்டிய வேகத்தில் சுழற்றுகின்றன. பிரதான தண்டின் பின்முனையில் ‘புரொப்பெல்லர் ஷாப்ட்’ எனப்படும் நீண்ட தண்டு இணைக்கப்பட்டுள்ளது. அது வண்டியின் அடியில் பின்னோக்கிச் சென்று பின் ஆக்ஸிலை அடைகிறது. அங்குள்ள டிபரென்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி, சக்தியை இரு பக்கமும் பகிர்ந்து, இரண்டு ஆக்ஸில் ஷாப்ட்டுகளின் மூலம் சக்கரங்களுக்கு அளிக்கிறது.

எஞ்சின், கிளட்ச், துணைத் தண்டு, பிரதான தண்டு, புரொப்பெல்லர் ஷாப்ட், டிபரென்ஷியல், ஆக்ஸில் ஷாப்ட், சக்கரம் என்னும் இந்த வரிசையை மனத்தில் இருத்திக்கொண்டால் கோளாறு எங்கே என்று கண்டறிவது எளிது. சங்கிலியில் அறுந்த கண்ணியைத் தேடுவது போன்றதே இவ்வேலை.

கோளாறு எங்கே?

கியர் விழவில்லை என்றவுடன் கியர்ப் பெட்டியைக் குறை கூறுதல் கூடாது. முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். எஞ்சின் நின்றிருக்கையில் கியர் எளிதாக விழுந்து, எஞ்சின் ஓடுகையில் மட்டும் நறநறவென்று அரைத்தால், குற்றம் பெரும்பாலும் கிளட்சில் உள்ளது. மிதியை முழுவதும் அழுத்தியும் கிளட்ச் பிரியவில்லை என்பதே அதன் பொருள். மிதியின் இணைப்புகளைச் சரிசெய்தாலே சில சமயம் இக்குறை நீங்கிவிடும். எஞ்சின் நின்றிருக்கையிலும் கியர் விழாவிடில், மாற்றும் கோலின் இணைப்புகளையும், அதன்பின் பெட்டியின் உட்புறத்தையும் சோதித்தல் வேண்டும்.

மேட்டில் எஞ்சின் இரைச்சலிட்டு வேகமாகச் சுழல, வண்டி மட்டும் ஏறாமல் தயங்கினால், கிளட்ச் வழுக்குகிறது என்று கொள்ளலாம். கிளட்ச் தகட்டில் எண்ணெய் படிந்திருத்தல், தகடு தேய்ந்திருத்தல், மிதியில் இருக்கவேண்டிய சிறு தளர்ச்சி இல்லாது போதல் ஆகியவை இதற்குரிய காரணங்கள். கருகிய நாற்றமும் உடன் வருமாயின் ஐயமே இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் தானாக விடுபட்டு நியூட்ரலுக்கு வந்துவிடுவது மற்றொரு வகை. கியரைத் தன் இடத்தில் பிடித்து நிறுத்தும் சுருள்வில் தளர்ந்திருக்கலாம். கியரை நகர்த்தும் கவட்டை தேய்ந்திருக்கலாம். பற்களின் விளிம்பு மழுங்கியிருக்கலாம். தண்டைத் தாங்கும் பேரிங் ஆட்டம் கண்டிருக்கலாம். இறக்கத்தில் இவ்வாறு நேர்ந்தால் எஞ்சினின் தடுப்பாற்றல் ஒரு நொடியில் இல்லாமற்போகும். ஆகையால் இக்குறையுள்ள வண்டியைக் கையால் கியர்க் கோலைப் பிடித்துக்கொண்டே ஓட்டிவருவது அறிவுடைமையன்று.

ஓசையைக் கொண்டும் பல செய்திகளை அறியலாம். நியூட்ரலில் எஞ்சின் ஓடுகையில் எழும் இரைச்சல், கிளட்ச் மிதியை அழுத்தியவுடன் நின்றுவிட்டால், கியர்ப் பெட்டிக்குள் நுழையும் தண்டின் பேரிங்கோ துணைத் தண்டின் பேரிங்கோ தேய்ந்துள்ளது. அதற்கு மாறாக, மிதியை அழுத்தும்போது மட்டும் இரைச்சல் எழுந்தால், குறை கிளட்சைப் பிரிக்கும் பேரிங்கைச் சார்ந்தது. ஒரே ஒரு கியரில் மட்டும் ஓசை வருமாயின் அந்தக் கியரின் பற்களைப் பார்க்க வேண்டும். உச்சக் கியரில் அமைதியாகவும் மற்றெல்லாக் கியர்களிலும் இரைச்சலாகவும் இருந்தால் குற்றம் துணைத் தண்டில் உள்ளது. பெரும்பாலான பழைய வாகனங்களில் உச்சக் கியரில் சக்தி துணைத் தண்டின் வழியாகச் செல்லாமல் நேராகச் செல்வதே இதற்குக் காரணம்.

எஞ்சின் ஓடுகிறது, கியரும் விழுந்திருக்கிறது, ஆனால் வண்டி நகரவில்லை என்றால், புரொப்பெல்லர் ஷாப்ட் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டிக்கு வெளியே பக்கவாட்டில் தள்ளி நின்று குனிந்து பார்த்தாலே தெரியும். எஞ்சின் ஓடும்போது எவரும் வண்டியின் அடியில் இருத்தல் கூடாது. அந்தத் தண்டு சுழன்றும் சக்கரம் அசையவில்லை என்றால் ஆக்ஸில் ஷாப்ட்டோ டிபரென்ஷியலோ முறிந்துள்ளது. கியர்ப் பெட்டி குற்றமற்றது. ஒரு பக்கத்து ஆக்ஸில் ஷாப்ட் மட்டும் முறிந்தாலும் வண்டி நகராது. எதிர்ப்பில்லாத பக்கத்திற்கே சுழற்சி முழுவதையும் விட்டுவிடுவது டிபரென்ஷியலின் இயல்பு. புரொப்பெல்லர் ஷாப்ட்டே சுழலவில்லை என்றால் கிளட்ச் அல்லது கியர்ப் பெட்டியே காரணம்.

இறுதியாக எண்ணெய். வடிதுளையின் திருகைச் சிறிது தளர்த்தி, கொஞ்சம் எண்ணெயைத் தட்டில் ஏந்திப் பார்த்தால், பெட்டியைத் திறக்காமலே அதன் நிலை ஒருவாறு புலப்படும். சாம்பல் நிறக் குழம்பு போன்ற படிவு நாட்பட்ட தேய்மானத்தைக் காட்டும். பித்தளை நிறத் துகள்கள் புஷ்கள் தேய்வதைக் குறிக்கும். பாலைப் போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது. கண்ணுக்கு நன்கு தெரியும் எஃகுச் சில்லுகள் இருந்தால் பல் உடைந்துவிட்டது என்பது உறுதி. அதன்பின் அந்தப் பெட்டியை எக்காரணம் பற்றியும் சுழலவிடுதல் கூடாது.

நியூட்ரல் என்பது ஓய்வு அன்று

கியரை நியூட்ரலில் வைத்தால் கியர்ப் பெட்டி ஓய்வு பெறுகிறது என்பது பலருடைய எண்ணம். எஞ்சின் ஓடி, வண்டி நிற்கும்போது அது ஓரளவு உண்மை. எஞ்சின் நின்று, வண்டி இழுக்கப்படும்போது அது முற்றிலும் தவறு.

வண்டி இழுக்கப்படுகையில் பின்சக்கரங்கள் சாலையில் உருள்கின்றன. அவை ஆக்ஸில் ஷாப்ட்டையும், அது டிபரென்ஷியலையும், அது புரொப்பெல்லர் ஷாப்ட்டையும் சுழற்றுகின்றன. சக்தி செல்லும் வழி தலைகீழாகிவிடுகிறது. இவ்வாறு கியர்ப் பெட்டியின் பிரதான தண்டு இடைவிடாது சுழல்கிறது. ஆனால் எஞ்சின் நின்றிருப்பதால் துணைத் தண்டு அசைவதில்லை.

பழைய கியர்ப் பெட்டிகளில் எண்ணெய் பெட்டியின் அடிப்பாகத்தில் மட்டும் நிற்கிறது. அதில் அமிழ்ந்திருக்கும் துணைத் தண்டின் பற்சக்கரங்கள் சுழலும்போதுதான் எண்ணெய் வாரி இறைக்கப்பட்டு மேலேயுள்ள பிரதான தண்டை நனைக்கிறது. துணைத் தண்டு நின்றுவிட்டால் மேலே எண்ணெய் செல்லாது. பற்சக்கரங்கள் எப்பொழுதும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் அமைப்பில், பிரதான தண்டின்மேல் உள்ள பற்சக்கரங்களைத் துணைத் தண்டு அசையவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அவற்றின் நடுவே தண்டு மட்டும் சுழல்கிறது. எண்ணெயற்ற உலோகம் உலோகத்தின்மேல் உராய்கிறது. சூடேறிய புஷ்கள் இறுகி, தண்டைக் கவ்விக்கொள்வதும் உண்டு. பற்சக்கரங்கள் நகர்ந்து பொருந்தும் மிகப் பழைய அமைப்பில் உராயும் இடங்கள் குறைவு. ஆயினும் பிரதான தண்டின் முன்முனையைத் தாங்கும் பேரிங் அங்கும் வறண்டே சுழலும்.

இதன் அளவை ஒரு கணக்கினால் உணரலாம். சக்கரத்தின் சுற்றளவு 3.3 மீட்டர் என்றும், டிபரென்ஷியலின் விகிதம் ஒன்றுக்கு ஆறு என்றும் கொள்வோமாயின், 30 கி.மீ. தூரம் இழுக்கப்படும் வண்டியின் சக்கரம் ஏறக்குறைய 9,000 முறை சுற்றும். பிரதான தண்டோ 54,000 முறைக்கு மேல் சுற்றும். இத்தனை சுற்றும் எண்ணெய் இல்லாமலே நடைபெறும்.

பள்ளி ஆசிரியர்கள் இதனை ஒரு சைக்கிளைக் கொண்டு மாணவர்க்கு விளக்கலாம். மிதிக்காமல் சைக்கிளை உருட்டிச் செல்லும்போது மிதிகளும் சங்கிலியும் அசைவற்றிருக்கின்றன. ஆனால் பின்சக்கரத்தின் ‘ஃபிரீ வீலில்’ கிர்கிர் என்ற ஓசை கேட்கிறது. வெளியே ஓய்வு போல் தோன்றினும், உள்ளே ஒன்று நிற்க மற்றொன்று அதன்மேல் ஓடுகிறது. இழுக்கப்படும் லாரியின் கியர்ப் பெட்டியிலும் இதுவே நிகழ்கிறது.

தானாகக் கியர் மாறும் புதிய பஸ்களுக்கும் இவ்விதி பொருந்தும். அவற்றின் கியர்ப் பெட்டிக்கு எண்ணெயைச் செலுத்தும் பம்பை எஞ்சின் இயக்குகிறது. எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்.

எஞ்சினை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு இறக்கத்தில் வண்டியை உருளவிட்டு டீசலை மிச்சப்படுத்தும் பழக்கத்தின் கேடும் இதனால் விளங்கும். கியர்ப் பெட்டி வறள்கிறது; எஞ்சினின் தடுப்பாற்றல் நீங்குகிறது; பிரேக்கிற்கு உதவும் காற்றழுத்தமோ வெற்றிடமோ புதிதாக உண்டாவதில்லை. மிச்சமாகும் டீசலின் விலை இம்மூன்றுக்கும் ஈடாகாது.

இணைப்பைத் துண்டித்தல்

ஆகவே இழுத்துச் செல்வதற்குமுன் சக்கரங்களுக்கும் கியர்ப் பெட்டிக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்தல் வேண்டும். சாலை நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகர்த்துவது போன்ற சிறு தூரத்துக்கு மட்டுமே இதற்கு விலக்கு அளிக்கலாம். கிரேன் வண்டியைக் கொண்டு முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் போதும் என்று கருதுவாரும் உளர். இயங்கும் சக்கரங்கள் பின்பக்கத்தில் இருப்பதால், முன்பக்கத்தைத் தூக்குவதனால் கியர்ப் பெட்டிக்கு யாதொரு நன்மையும் இல்லை.

பின் ஆக்ஸில் நல்ல நிலையில் இருந்தால் புரொப்பெல்லர் ஷாப்ட்டைக் கழற்றினாலே போதுமானது. டிபரென்ஷியலின் பெரிய பற்சக்கரம் தன் எண்ணெயில் தானே தோய்ந்து சுழல்வதால், இழுக்கப்படும்போது அதற்கு எண்ணெய்க் குறைவு ஏற்படாது. ஆக்ஸிலே பழுதாகியிருந்தால் இரு பக்கத்து ஆக்ஸில் ஷாப்ட்டுகளையும் உருவிவிடலாம். கனரக வாகனங்களில் சக்கரத்தின் பாரத்தை ஆக்ஸிலின் வெளிக்கூடு தாங்குவதால், உள்ளிருக்கும் ஷாப்ட்டை எடுத்தாலும் சக்கரம் கழன்று விழாது. உருவியபின் சக்கரக் குடத்தின் வாயைத் தகட்டினால் மூடிப் புழுதி நுழையாமல் காத்தல் வேண்டும். ஆனால் சிறு வாகனங்கள் பலவற்றில் ஆக்ஸில் ஷாப்ட்டே சக்கரத்தைத் தாங்கி நிற்கிறது. அவற்றில் இம்முறையைக் கையாளவே கூடாது. சக்கரக் குடத்தின் பேரிங்கே உடைந்திருந்தால் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும், அல்லது தாழ்வான டிரெய்லரில் வண்டியை ஏற்ற வேண்டும்.

இவ்வேலையில் மறைந்துள்ள பெரிய அபாயம் ஒன்று உண்டு. மேட்டில் நிற்கும் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவது வழக்கம். சில பழைய வாகனங்களில் கைப் பிரேக்கும் சக்கரங்களில் இல்லாமல், கியர்ப் பெட்டிக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாப்ட்டின்மேல் அமைந்திருக்கும். அந்தத் தண்டைக் கழற்றிய அக்கணமே கியரின் பிடிப்பும் கைப் பிரேக்கின் பிடிப்பும் ஒருங்கே மறைந்துவிடும். வண்டி உருளும், கழற்றியவர் அதன் அடியில் இருப்பார்.

எனவே வேலையின் ஒழுங்கை மாற்றுதல் கூடாது. முதலில் வண்டியில் உள்ளோர் அனைவரும் இறங்கிச் சாலையை விட்டு அகன்று நிற்க வேண்டும். அடுத்து, சக்கரங்களின் இரு புறமும் உறுதியான மரக்கட்டைகளை வைத்தல் வேண்டும். கைக்குக் கிடைத்த உருண்டைக் கற்கள் இதற்கு உதவா. பின்னர் இழுக்கும் வாகனத்தைக் கொண்டுவந்து இழுப்புத் தண்டைப் பூட்ட வேண்டும். அதன் எஞ்சினை நிறுத்தி, கைப் பிரேக்கைப் போட்டு, சாவியை வண்டியின் அடியில் வேலை செய்பவரே தம் பையில் வைத்துக்கொள்ளுதல் நலம். இவ்வளவும் முடிந்த பிறகே புரொப்பெல்லர் ஷாப்ட்டின் திருகாணிகளில் கை வைக்கலாம். பொருந்தும் இரு தட்டுகளிலும் ஒரே நேராக அடையாளக் கோடு இட்டுக்கொண்டால், திரும்ப மாட்டும்போது தண்டு முன்போலவே சமநிலையுடன் சுழலும். கழற்றிய தண்டைத் தொங்கவிடாமல் வண்டிக்குள் ஏற்றிவிட வேண்டும்.

பிரேக்கின் நிலை

கயிற்றின் பின்னால் வரும் வண்டிக்குப் பிரேக் இன்றியமையாதது. பழைய வாகனங்களில் மிதியின் விசையை வெற்றிடமோ அழுத்தக் காற்றோ பெருக்கித் தருகிறது. எஞ்சின் நின்றிருந்தால், சேமக் கலத்தில் எஞ்சியுள்ள அளவு சில முறை அழுத்துவதற்கே போதும். அதன்பின் ஓட்டுநர் முழுப் பலத்துடன் மிதித்தாலும் பயன் மிகக் குறைவு. புரொப்பெல்லர் ஷாப்ட் கழற்றப்பட்டு, கியர்ப் பெட்டியின் முற்பகுதியும் கெடாதிருந்தால், எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காற்றழுத்தத்தைக் காத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் பல் உடைந்திருந்தால் அதுவும் ஆகாது; இழுக்கும் வாகனத்திலிருந்து குழாய் மூலம் காற்றைப் பெறுதல் வேண்டும்.

சுருள்வில்லால் இயங்கும் பிரேக் பொருத்திய பிற்கால வாகனங்களில் நிலைமை இதற்கு நேர்மாறானது. காற்று இறங்கிவிட்டால் வில் விரிந்து சக்கரங்களைப் பூட்டிவிடும். அவ்வாறே இழுத்தால் டயர்கள் தேய்ந்து புகையும். வெளியிலிருந்து காற்றைச் செலுத்தியோ, அதற்கென உள்ள திருகைச் சுழற்றியோ வில்லை விடுவிக்க வேண்டும். திருகினால் விடுவித்த வண்டிக்குக் கைப் பிரேக் இல்லை என்பதை இழுப்போர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கயிறா, தண்டா?

பத்து டன் எடையுள்ள வண்டியைச் சமதளத் தார்ச்சாலையில் சீராக உருட்டிச் செல்ல, அதன் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகிய 100 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை போதும். இருபதுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில் இதனோடு மேலும் 500 கிலோகிராம் சேரும். இவை சாதாரணச் சங்கிலியும் தாங்கக்கூடிய விசைகளே. அப்படியானால் இழுக்கும் கயிறுகள் அறுபடுவதேன்?

காரணம் வெட்டி இழுத்தலே. கயிறு தொய்ந்து கிடக்கையில் முன்வண்டி புறப்பட்டு, மணிக்கு 5 கி.மீ. வேகத்தை அடைந்ததும் கயிறு விறைக்கிறது எனக் கொள்வோம். இரண்டும் பத்து டன் வண்டிகளாயின், கயிறும் கொக்கிகளும் 10 செ.மீ. நீள்வதற்குள் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். கணக்கிட்டால் அந்நேரத்தில் கயிற்றின்மேல் விழும் சராசரி விசை ஏறக்குறைய 5 டன் ஆகும். அதன் உச்ச அளவு இன்னும் மிகுதி. சமதளத்தில் தேவைப்படும் விசையைப் போல் இது ஐம்பது மடங்கு. இவ்வாறு அறுபடும் எஃகுக் கயிறு சாட்டைபோல் வீசித் திரும்புகிறது. ஆகையால் கயிறு விறைக்கும்போது அதன் அருகில் எவரும் நிற்றல் கூடாது. நடுவில் ஒரு கனத்த சாக்கைப் போர்த்துவதும் நன்று.

கயிறும் சங்கிலியும் இழுக்க மட்டுமே வல்லவை. தடுக்க வல்லவை அல்ல. இறக்கத்தில் பின்வண்டி முன்வண்டியின்மேல் வந்து மோதாமல் காப்பது பின்வண்டியின் பிரேக் ஒன்றே. ஆதலின் பிரேக் முற்றும் சரியாக உள்ள வண்டியையே கயிற்றால் இழுக்கலாம். கனரக வாகனங்களுக்கு இரு முனையிலும் கொக்கி வளையம் உள்ள உறுதியான இழுப்புத் தண்டே ஏற்றது. தண்டைப் பூட்டும் இடம் சட்டத்தில் அதற்கென அமைந்த கொக்கியாக இருத்தல் வேண்டும். பம்பரிலோ, முன் ஆக்ஸிலிலோ, சக்கரங்களைத் திருப்பும் கோலிலோ கட்டுவது பெருந்தவறு.

இழுக்கும் வாகனம், இழுக்கப்படும் வாகனத்திலும் எடை குறைந்ததாக இருத்தல் ஆகாது. பின்வண்டியின் பிரேக் உதவாவிடில் முன்வண்டியின் பிரேக் இரண்டின் பாரத்தையும் நிறுத்த வேண்டியிருக்கும். இரண்டும் சம எடையாயின், நிற்கும் தூரம் ஏறத்தாழ இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். இறக்கம் தொடங்குமுன்பே முன்வண்டியைத் தாழ்ந்த கியருக்குக் கொண்டுவருதல் வேண்டும். பாதி இறக்கத்தில் கியர் மாற்ற முயலுதல் கூடாது.

சாலை விதிகள்

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் சாலை விதி ஒழுங்குமுறைகள் இதுபற்றித் தெளிவாக வகுத்தன. இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். இல்லையேல் திருப்பும் சக்கரங்கள் சாலையில் படாதபடி தூக்கப்பட்டிருக்க வேண்டும். இரு வண்டிகளுக்கும் இடைப்பட்ட தூரம் 5 மீட்டருக்கு மேற்படலாகாது. கயிறு பிறர் கண்ணுக்குத் தெரியும்படி இருத்தல் வேண்டும். பின்னால் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கறுப்பு எழுத்துகளில், வண்டி இழுக்கப்படுகிறது என்னும் அறிவிப்பு இருத்தல் வேண்டும். வேகம் மணிக்கு 24 கி.மீ.க்கு மேற்படலாகாது. 2017-ஆம் ஆண்டில் வெளியான மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இவற்றின் இடத்தைப் பெற்றன. வாகனங்களை வைத்திருக்கும் ஒவ்வோர் அலுவலகமும் நடப்பு விதிகளின் பிரதி ஒன்றைப் பணிமனையில் வைத்திருத்தல் தகும்.

நம் சாலைகளில் பழுதான வண்டியைச் சுற்றிக் கற்களையும் மரக்கிளைகளையும் வைத்து எச்சரிப்பது நெடுநாளைய வழக்கம். வண்டி போனபின் கற்கள் அங்கேயே கிடப்பதும் அவ்வழக்கத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. இரவில் வரும் சைக்கிள்காரர் உயிரிழப்பதற்கு அக்கற்களுள் ஒன்றே போதும். ஒளி திருப்பும் முக்கோணப் பலகையை வாங்கி வைத்துக்கொள்வதும், கல் வைத்திருந்தால் புறப்படுமுன் அதனை அகற்றிவிடுவதும் ஓட்டுநரின் நீங்காக் கடமைகள்.

நெடுநாள் நின்ற வண்டிகள்

பல்லாண்டுகள் கொட்டகையில் நின்ற வண்டியை நகர்த்துவதற்குத் தனிக் கவனம் தேவை. பேரிங்குகளின்மேல் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்துபோயிருக்கும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடித்திருக்கும். பிரேக் கட்டைகள் துருவால் உருளையோடு ஒட்டியிருக்கும். டயர் பார்வைக்கு நன்றாக இருப்பினும் உள்ளே பலமற்றிருக்கும். ஒட்டிய சக்கரத்தை மற்றொரு லாரியால் வெட்டி இழுத்து விடுவிக்க முயன்றால், முதலில் முறிவது ஆக்ஸில் ஷாப்ட்டாகவோ டிபரென்ஷியலின் பல்லாகவோ இருக்கலாம். பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, கையால் சுழற்றிப் பார்த்த பின்னரே நகர்த்துதல் வேண்டும்.

எண்ணெயை மாற்றும்போது வண்டியைச் செய்தவர் குறித்த தரத்தையே நாடுதல் நலம். சில நவீன எண்ணெய்களில் கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள் பழைய பெட்டிகளின் வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடும். ஹைதராபாத்தின் ஆல்பியன் போன்ற அரிய வண்டிகளுக்கு மாற்று உறுப்புகள் கடையில் கிடைப்பதில்லை. ஆல்பியன் கம்பெனியையே 1951-இல் லேலண்டு கம்பெனி வாங்கிவிட்டது. இத்தகைய வண்டிகளைச் சாலையில் இழுத்தலே தகாது. தாழ்வான டிரெய்லரில் ஏற்றிக் கட்டி எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

முடிவாக

மேற்கூறியவற்றால் களப்பணியாளர் மனத்தில் கொள்ள வேண்டுவன சிலவே. கோளாறு எங்கே என்று வரிசையாகத் தேடி அறிய வேண்டும். ஆட்களை இறக்கி, கட்டை வைத்து, இழுப்புத் தண்டு பூட்டி, அதன்பின்னரே புரொப்பெல்லர் ஷாப்ட்டைக் கழற்ற வேண்டும். பிரேக் வேலை செய்கிறதா என்று நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும். ஓட்டுநர்கள் இருவரும் கை சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். புறப்பட்டு ஒரு கி.மீ. சென்றதும் நிறுத்தி, சக்கரக் குடங்களையும் பிரேக் உருளைகளையும் அணுகி, சூடேறியுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

புரொப்பெல்லர் ஷாப்ட்டைக் கழற்றப் பழகிய கைகளுக்கு அரை மணி நேரம் பிடிக்கலாம். இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும் என்ற அவசரத்தில் அந்த அரை மணியை மிச்சப்படுத்த நினைப்பது இயல்பே. ஆனால் எண்ணெயின்றிச் சுழன்று எரிந்த கியர்ப் பெட்டி பட்டறையில் பல வாரங்களை விழுங்கும். கட்டை வைக்காமல் கழற்றிய தண்டு ஓர் உயிரையே விழுங்கக்கூடும். அந்த அரை மணியைச் செலவிடுவோரின் வண்டியே குறைந்த செலவில் மீண்டும் சாலைக்கு வரும்.